பாக்குனாவாவுக்கு இரண்டு வட்டம் போதும்

லேப்டொப்பைத் திறக்க முதல் ஒரு கொப்பியை எடுத்து, நீங்கள் வரையப் போகிற தெய்வம் என்ன செய்தது என்று ஒரே ஒரு வசனம் எழுதுங்கள். எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம், என்ன செய்தது என்று எழுதுங்கள். சந்திரனை விழுங்கியது. ஒரு கண்ணை இழந்தும் வெளிச்சம் தருகிறாள். இறந்தவர்களைப் படகில் ஏற்றிப் போகிறார். இவ்வளவு போதும். அந்த வசனத்தின் வினைச்சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள், படத்தில் வரைய வேண்டியது அதைத்தான். கிரீடம், நகை, முகம், கூந்தல் எல்லாம் பிறகு வருகிற விஷயம், பெரும்பாலும் வராமலே போகிற விஷயம். பிலிப்பைன்ஸின் பழைய தெய்வங்களை மினிமலிஸ்ட் (மிகக் குறைந்த கோடும் உருவமும் மட்டும் உள்ள) டிஜிட்டல் ஓவியமாக வரைய நான் கைக்கொள்கிற முறை இந்த ஒரு பழக்கத்தில் இருந்துதான் கிளைத்தது.

திருகோணமலைக்காரனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். டோஹாவில் நாலு வருசம் வேலை செய்தேன். என் அறையில் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் இருந்து வந்த ஒரு அண்ணன் இருந்தார். ஒரு சந்திரகிரகண இரவில் மொட்டை மாடியில் நின்றபோது, எங்கள் ஊரில் இதைப் பாக்குனாவா என்கிற பெரிய பாம்பு விழுங்குகிறது என்பார்கள், பானை சட்டியைத் தட்டி எங்கள் சந்திரனைத் திருப்பித் தா என்று கத்துவார்கள் என்றார். எனக்கு உடனே அம்மம்மா ஞாபகம் வந்தார். கிரகணம் என்றால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தி வைப்பார், உலக்கை விழுந்தால் ராகு விட்டுவிட்டான் என்று அர்த்தம். நான் ராகுவின் கதையைச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டு, தகாலோக் மொழியில் கிரகணத்துக்கு லாஹோ என்று ஒரு சொல் இருக்கிறது, மறைந்துபோவதற்கும் அதே சொல்தான் என்றார். லாஹோ, ராகுவில் இருந்து போன சொல். அன்றிரவு போனில் விரலால் கீறினதுதான் என் முதல் பாக்குனாவா. செதில், பல், நாக்கு, அலை, மேகம் எல்லாம் போட்டிருந்தேன். இப்போது அதே பாம்பு இரண்டு வட்டமும் ஏழு புள்ளியும்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் கோணமலையின் அடிவாரத்தில் வளர்ந்தவன். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கோட்டை கட்ட எடுத்தார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலை என்கிற அந்த மலைக்குக் கீழே கடலுக்குள் அந்த இடிபாடுகளைக் கண்டார்கள். அங்கே பிலிப்பைன்ஸில், ஸ்பெயினின் கப்பல்களோடு வந்த மகெல்லனுடன் 1521இல் போன பிகஃபெத்தா என்ற இத்தாலியர், செபு தீவில் சிலைகளை எரித்து உடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியர் கடல் கடந்து வந்த அதே காலம், வேறு வேறு கொடி. உடைக்கப்பட்ட சிலை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அதனால்தான் அவர்களுடைய தெய்வங்களைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் பக்குவமாக எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாசிப்பு முதலில்

பிலிப்பைன்ஸ் தெய்வம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. 7,641 தீவுகள், நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள், ஒவ்வொரு மக்களுக்கும் தங்கள் தங்கள் தெய்வங்கள். பத்ஹாலா தகாலோக் மக்களின் படைப்புத் தெய்வம், கப்தான் விசாயா மக்களின் வான் தெய்வம், புலுல் இஃபுகாவ் மக்களின் நெற்காவல் உரு. இந்த மூன்றையும் ஒரே குடும்பப் படம் மாதிரி வரிசையில் நிறுத்தினால், நம்மூர் ஐயனாரையும் கண்ணகி அம்மனையும் கேரளத்துத் தெய்யத்தையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னது மாதிரி ஆகிவிடும். ஆகவே கொப்பியில் அந்த வசனத்துக்குக் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த மக்களின் கதை, யார் எழுதி வைத்தது, எந்த ஆண்டு.

இந்த ஆண்டு விஷயத்தில் மினக்கெடுவது வீண் போகாது. மிகெல் டெ லொவார்கா 1582இல் விசாயா மக்களைப் பற்றி எழுதினார், குவான் டெ பிளாசென்சியா என்ற துறவி 1589இல் தகாலோக் மக்களின் வழக்கங்களை எழுதினார். இரண்டு பேரும் ஸ்பானியர்கள், அந்தத் தெய்வங்களை ஒழிக்க வந்த பக்கத்தில் நின்றவர்கள், ஆனாலும் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துகளில் அவர்களுடையதும் உண்டு. சந்திரனை, அதிலும் பிறைச் சந்திரனைப் பெரிய கொண்டாட்டத்தோடு வணங்கினார்கள் என்கிறார் பிளாசென்சியா, விடிவெள்ளிக்குத் தாலா என்று பெயர் இருந்ததையும் குறிக்கிறார். ஆனால் இன்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கிற சந்திர தெய்வம் மாயாரியின் பெயர் அவருடைய எழுத்தில் இல்லை, அவள் கதை அச்சில் பரவியது 20ஆம் நூற்றாண்டில். அதற்காக மாயாரியை வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானே வரைகிறேன். வாய்வழியாக வந்த கதைக்கும் மதிப்பு இருக்கிறது. படத்தின் கீழே 16ஆம் நூற்றாண்டுத் தெய்வம் என்று எழுதாமல் இருந்தால் சரி.

உருவம் தேடுகிறவர்கள் பிகஃபெத்தாவைக் கட்டாயம் வாசியுங்கள். செபுவில் பார்த்த சிலைகளை அவர் இப்படிச் சொல்கிறார்: மரத்தில் செய்தவை, உள்ளே குடைந்தவை, பின்பக்கமே இல்லை, கைகள் விரிந்திருக்கும், பெரிய முகம், காட்டுப் பன்றிக்கு இருப்பது மாதிரி நாலு பெரிய கொம்புப் பல், உடம்பு முழுக்க வர்ணம். பின்பக்கம் இல்லாத சிலை! இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு அரைவட்டமும் நாலு வளைந்த கோடும் போட்டால் அது உண்மையான ஒரு பழைய உருவத்துக்கு எவ்வளவு கிட்ட வந்துவிடுகிறது பாருங்கள். 1590ஐ ஒட்டி மணிலாவில் உருவான பொக்சர் கோடெக்ஸ் என்கிற ஓவியச் சுவடியும் இருக்கிறது, இப்போது அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழக நூலகத்தில் வைத்திருக்கிறார்கள், அந்தக் கால மக்களின் உடை, பச்சை குத்தல், தங்கம் எல்லாம் அதில் வர்ணத்தில் உண்டு. நிறம் எடுக்க நல்லது.

நம் கண் முந்திக்கொள்ளும்

தமிழ் ஆட்கள் இந்த வேலையில் விழுகிற குழி ஒன்று இருக்கிறது, நானும் விழுந்தேன். சொற்கள் நமக்குச் சொந்தம் மாதிரிக் கேட்கும். திவாத்தா என்றால் தேவதை. பத்ஹாலா என்ற பெயர் நம் பழைய கல்வெட்டுகளில் இறைவனுக்கு வருகிற பட்டாரர், படாரர் என்ற சொல்லோடு ஒரே சமஸ்கிருத வேரில் இருந்து போனது. 1917இல் மின்டானாவோ தீவில், அகுசான் ஆற்றங்கரையில், 21 காரட் தங்கத்தில் ஒரு பெண் தெய்வச் சிலை கிடைத்தது, இன்று சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதைப் பார்த்தால் நம்மூர் வெண்கலச் சிலைதான் ஞாபகம் வரும். இதையெல்லாம் பார்த்துவிட்டு என் முதல் மாயாரிக்கு நெற்றிப் பொட்டு, தாமரை, அபய முத்திரை எல்லாம் வைத்தேன். வடிவாகத்தான் இருந்தது. அறை அண்ணனிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது உங்களுடைய அம்மா, எங்களுடையவர் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. சொல் கப்பலேறிப் போயிருக்கலாம், அந்தத் தீவில் இறங்கின பிறகு அது அவர்களுடைய கடலையும் மூங்கிலையும் எரிமலையையும் எடுத்துக்கொண்டது.

மறுபக்கக் குழி, கேம் விளையாட்டுகளில் வருகிற மாதிரிக் கவசம் போட்ட அழகிகள். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் நம்மிடம் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு, அது உருவம் இல்லை, துணிவு. மரத்தடியில் ஒரு சூலம் நட்டால் நமக்கு வைரவர். ஒரு வேல் மட்டும் நின்றால் முருகன். கதிர்காமத்தில் நாம் கும்பிடுவது திரையைத்தான், பின்னால் சிலை தெரிவதில்லை. திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாசல் கல்லில் இருக்கிற இரட்டைக் கயலை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மீன், சில கோடு, பாண்டியன் என்று சொல்ல வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பொருளை நட்டு அதையே தெய்வமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். மினிமலிசம் என்று புதுப் பெயரில் யாரோ வெளியூரில் இருந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

கருவி

இங்க்ஸ்கேப் என்கிற வரைகிற மென்பொருள் போதும், இலவசம், பழைய லேப்டொப்பிலும் ஓடும். போனில் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெரிதாக அச்சிட நினைத்தால் இங்க்ஸ்கேப் மாதிரி வெக்டர்தான் நல்லது, எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு உடையாது. பக்கத்தை 1080க்கு 1350 பிக்சல் என்று வையுங்கள். நாலே நாலு விஷயம் தெரிந்தால் போதும்: கன்ட்ரோலை அமத்திக்கொண்டு வட்டக் கருவியை இழுத்தால் சரியான வட்டம் வரும், இரண்டு உருவத்தைத் தெரிந்து கன்ட்ரோலும் பிளஸும் அடித்தால் ஒட்டும், கன்ட்ரோலும் மைனஸும் அடித்தால் மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டி எடுக்கும், பேனாக் கருவிக்கு B எழுத்து.

மாயாரி

கப்பம்பாங்கன் மக்களின் கதை இது. தகப்பன் போன பிறகு உலகை யார் ஆள்வது என்று மாயாரிக்கும் அண்ணன் அபோலாக்கிக்கும் சண்டை. மூங்கில் தடியால் அடிபடுகிறார்கள், மாயாரிக்கு ஒரு கண் போய்விடுகிறது. அதைப் பார்த்து அண்ணன் மனம் இளகி, சரி, பாதிப் பாதியாக ஆள்வோம் என்கிறான். பகல் அவனுக்கு, இரவு அவளுக்கு. ஒரு கண்தான் இருப்பதால் அவள் வெளிச்சம் மங்கல்.

என் வசனம்: ஒரு கண்ணை இழந்தும் வெளிச்சம் தருகிறாள். இதில் இழப்பும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், இரண்டில் ஒன்றை விட்டால் அது வெறும் நிலாப் படம். பக்கத்தை இருட்டு நிறத்தால் நிரப்புங்கள். வலப்பக்கம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், 300 பிக்சல் வட்டம் ஒன்று. அதே உயரத்தில் இடப்பக்கம் இன்னொரு வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் வேண்டாம், ஒரு சாய்ந்த கோடு மட்டும், 14 பிக்சல் தடிப்பு, நீளம் வட்டத்தைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கோட்டின் நடுவில் 10 பிக்சல் இடைவெளி விட்டு இரண்டாக வெட்டுங்கள், அதுதான் மூங்கில் கணு. இப்போது அந்தக் கோடு மூடின இமையும், அடித்த தடியும், இரண்டும்தான். காயமும் காயப்படுத்தினதும் ஒரே கோட்டில் வந்துவிட்டன.

மூக்கும் வாயும் வைக்கச் சொல்லிக் கை பரபரக்கும். வையாதீர்கள். இரண்டு கண் இருக்க வேண்டிய உயரத்தில் இரண்டு விஷயம் இருந்தால் மனிசக் கண் தானாகவே முகத்தைக் கண்டுபிடித்துவிடும். வட்டத்துக்குச் சுத்த வெள்ளை போடாமல் 226, 222, 205 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) மாதிரி ஒரு மங்கல் நிறம் போடுங்கள், மங்கல் என்பது கதையிலேயே இருக்கிறது.

பாக்குனாவா

இதில்தான் நான் அதிக நாள் இருந்தேன், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விசாயாப் பக்கம் சொல்கிற கதையில் முதலில் ஏழு சந்திரன் இருந்தன. கடலில் இருந்த பாக்குனாவா அவற்றின் அழகில் மயங்கி ஒவ்வொன்றாக விழுங்கியது. கடைசி ஒன்றை விழுங்கப் போகும்போது மனிசர்கள் பானை, சட்டி, பறை எல்லாம் தட்டிச் சத்தம் போட்டு அதைத் துப்ப வைத்தார்கள். ஏழு என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கன்னியாவின் ஏழு வெந்நீரூற்றுக் கிணறுகள்தான் கண்ணில் வந்தன. சின்ன வயதில் ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு போவோம், ஒவ்வொன்றுக்கும் சூடு வேறு, எண்ணிக்கொண்டே போகாவிட்டால் எது விட்டது என்று தெரியாது. பார்க்கிறவரை எண்ண வைக்கிற படமாக இது இருக்க வேண்டும் என்று அந்த ஞாபகத்தில்தான் முடிவு செய்தேன்.

600 பிக்சல் வட்டம் ஒன்று போடுங்கள். அதன் மேல் 520 பிக்சல் வட்டம். இரண்டின் நடுப்புள்ளியும் பொருந்தி இருக்கும்போது சின்னதை வலப்பக்கம் 90 பிக்சல் நகர்த்துங்கள். இரண்டையும் தெரிந்து கன்ட்ரோல், மைனஸ். இடப்பக்கம் தடித்து, வலப்பக்கம் திறந்த ஒரு பிறை கிடைக்கும், அதன் தடித்த இடம் 130 பிக்சல் வரும். இப்போது அதை இடஞ்சுழியாக 90 பாகை திருப்புங்கள், வாய் மேலே பார்க்கும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருங்கள். அது பிறைச் சந்திரனும் ஆகும், திறந்த வாயும் ஆகும். விழுங்குகிறதும் விழுங்கப்படுகிறதும் ஒரே உருவம். எனக்கு இது கிடைத்தது ஒரு கரண்ட் போன இரவில், பற்றரி முடிய முதல் அவசரமாகத் தேவையில்லாததை எல்லாம் அழித்துக்கொண்டு போனபோது. செதில் போனது, நாக்கு போனது, கடைசியில் வாய் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பிறையின் தடித்த வயிற்றில் ஆறு சின்னப் புள்ளிகள், 28 பிக்சல் அளவில், வளைவோடு வளைவாக ஒரே இடைவெளியில். அவை ஏற்கெனவே விழுங்கப்பட்ட ஆறும். ஏழாவது, வாய்க்குள், இன்னும் மூடப்படாத இடத்தில். அதன் அளவு 90 வையுங்கள். நான் முதலில் 300 வைத்தேன், ஏன் குறைத்தேன் என்று பிறகு சொல்கிறேன். ஏழுக்கும் ஒரே நிறம் என்பது முக்கியம். சத்தத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டால், நான் காட்டவில்லை. பானைச் சத்தத்துக்கு அலைக்கோடு போட்டுப் பார்த்தேன், வைஃபை சின்னம் மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன்.

மக்வாயென்

விசாயா மக்களின் கடல் தெய்வம், இறந்தவர்களின் ஆவியைப் படகில் ஏற்றிக் கொண்டுபோகிறவர். லொவார்காவின் 1582 எழுத்திலேயே இந்தப் பெயர் வருகிறது. ஆணா பெண்ணா என்பது பதிவுக்குப் பதிவு மாறும், இன்று பெரும்பாலும் பெண்ணாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய மொழிகளில் அவன், அவள் என்று பிரிக்கிற சொல்லே இல்லை, ஒரே சொல்தான். ஆகவே நீங்களும் பிரிக்க வேண்டியதில்லை, ஒரு புள்ளிக்கு ஆண் பெண் இல்லை.

வரைய முதல் மனுங்குல் சாடியின் படத்தைத் தேடிப் பாருங்கள். 1964இல் பலவான் தீவுக் குகை ஒன்றில் கிடைத்த ஈமத் தாழி, கி.மு. 890 முதல் 710 வரையான காலத்தது என்கிறார்கள். மூடியின் மேல் ஒரு படகு, அதில் இரண்டு பேர். முன்னால் இருப்பவர் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டியிருக்கிறார், பின்னால் இருப்பவர் துடுப்புப் பிடிக்கிற நிலையில். துடுப்பின் தட்டை உடைந்து இல்லாமல் போய்விட்டது. மூவாயிரம் வருசத்துக்குக் கிட்ட முந்தி இருந்த ஒரு குயவர் இந்தக் கதையை ஏற்கெனவே இரண்டு உருவத்தில் முடித்துவிட்டார், நாம் அவருக்குப் பின்னால் போனால் போதும். (அந்தச் சாடிக்கும் மக்வாயென் என்ற பெயருக்கும் நடுவில் இரண்டாயிரம் வருசத்துக்கு மேல் இருக்கிறது, ஆகவே இது மக்வாயெனின் சிலை என்று எழுதிவிடாதீர்கள்.)

பிறகு ஒருநாள் விடிய ஐந்தரைக்குத் திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போங்கள், அல்லது உங்கள் ஊரில் எந்தக் கரை இருக்கிறதோ அங்கே. நான் ஒரு கொப்பியோடு மூன்று நாள் போனேன். கரைக்குக் கிட்ட நிற்கிற வள்ளத்தில் ஆளின் சேட், தொப்பி, வலை, பெற்றோல் கான் எல்லாம் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனதும் கை மறையும். இன்னும் தள்ளினால் தலையும் உடம்பும் ஒரே கீறாகிவிடும், ஆனாலும் அது ஆள்தான் என்றும், பின்னால் இருப்பவர்தான் ஓட்டுகிறார் என்றும் தெரியும், ஏனென்றால் அவர் கொஞ்சம் சாய்ந்திருப்பார். எதை எடுத்தாலும் ஆள் ஆளாகவே இருப்பான், எதை எடுத்தால் ஆள் இல்லாமல் போவான் என்று அந்தத் தூரம் சொல்லித்தரும். சாய்வை எடுத்தால் வள்ளம் நின்றுவிடுகிறது.

படத்தில்: பக்கத்தின் கீழ்ப்பகுதியில், அடியில் இருந்து ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு மெல்லிய கடல்கோடு. அதன் மேல் ஆழம் குறைந்த வளைவு ஒன்று, 260 பிக்சல் நீளம். முன்னால் ஒரு புள்ளி நேராக. பின்னால் ஒரு புள்ளி, அதற்குக் கீழே 8 பாகை சாய்ந்த சின்னக் கீறு. அந்தக் கீறில் இருந்து துடுப்புக் கோடு கடல்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும், கீழே போகப் போக மங்கி இல்லாமல் போக வேண்டும். உடைந்த துடுப்பை நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். மேலே இருக்கிற முக்கால்வாசிப் பக்கம் வெறுமை. அதில் நிலவோ நட்சத்திரமோ போட வேண்டாம், படகு எங்கே போகிறது என்று காட்டுகிற உரிமை நமக்கு இல்லை.

நிறம்

நிறத்தையும் கதையில் இருந்தே எடுங்கள். விசாயா படைப்புக் கதை ஒன்றில் வருகிற கப்தானின் பேரப்பிள்ளைகள் நாலு பேருக்கும் உடம்பே உலோகமும் கல்லும்தான்: லியாட்லாவ் தங்கம், லிபுலான் செம்பு, லிசுகா வெள்ளி, லிகாலிபுத்தான் பாறை. கப்தானின் இடி விழுந்து தங்கமும் செம்பும் உருகிச் சூரியனும் சந்திரனும் ஆயின, வெள்ளி சிதறி நட்சத்திரமானது, பாறை உடைந்து நிலமானது. இதைவிட ஒரு நிறத்தட்டு யார் தரப்போகிறார்கள்? தங்கம் 212, 175, 55. செம்பு 184, 115, 51. வெள்ளி 192, 192, 192. பாறைக்கு உங்கள் ஊர்க் கல்லைப் பார்த்து எடுங்கள். ஒரு படத்துக்கு இவற்றில் இரண்டு, அதோடு ஒரு பின்னணி. மூன்றாவது நிறம் வேண்டும் என்று தோன்றினால் வசனத்துக்குத் திரும்பிப் போய் அதில் மூன்றாவது ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

இதே முறையில் லாலாஹோனையும் வரையலாம். நெக்ரோஸ் தீவின் எரிமலையில் இருக்கிற பெண் தெய்வம் என்று லொவார்கா சொல்கிறார், நல்ல விளைச்சல் கேட்டுக் கும்பிடுவார்கள், கொடுக்க மனமில்லாவிட்டால் வெட்டுக்கிளியை அனுப்புவாள். அந்த மலையைக் கன்லாவோன் என்கிறார்கள், 2024 ஜூனிலும் டிசம்பரிலும்கூட வெடித்தது. ஒரு முக்கோணம், மேலே செம்புப் புள்ளிகள். அந்தப் புள்ளி தீப்பொறியா, நெல்லா, வெட்டுக்கிளியா என்று பார்க்கிறவர் தீர்மானிக்கட்டும்.

கை வைக்காமல் விடுபவை

இஃபுகாவ் மக்களின் புலுல் உருவத்தை எளிமையாக்க முயல வேண்டாம். அது ஏற்கெனவே குந்தியிருக்கிற உடம்பும் முழங்காலில் கட்டின கையுமாக, தேவைக்கு மேல் ஒரு வெட்டுக்கூட இல்லாமல் செதுக்கினது, அதோடு நெற்களஞ்சியத்தில் சடங்கோடு வாழ்கிற பொருள். திபோலி மக்களின் தினாலாக் துணிக் கோலங்களும் அப்படித்தான். அந்தக் கோலங்கள் நெய்பவர்களின் கனவில் வருபவை, நாரின் காவல் தெய்வமான ஃபூ தாலு தருபவை என்று நம்புகிறார்கள். 1998இல் தேசிய விருது பெற்ற லாங் துலாய் போன்ற நெசவுக்காரர்கள் ஆயுள் முழுவதும் காத்த கோலத்தை நாம் படத்துக்குப் பின்னணியாக வெட்டி ஒட்டுவது களவுதான்.

பாய்பாயின் என்கிற பிலிப்பைன்ஸின் பழைய எழுத்தில் பெயர் எழுத ஆசை வரும். நம் எழுத்தின் தூரத்து உறவு அது, பிராமி வழி வந்தது, 17 எழுத்து. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: பழைய முறையில், மெய்யைக் காட்ட நாம் வைக்கிற புள்ளி மாதிரி ஒன்று கிடையாது. மெய்யெழுத்தில் முடிகிற சொல்லென்றால் அந்த மெய்யை எழுதாமலே விட்டார்கள். உயிரை நீக்குகிற சிலுவைக் குறி 1620இல் ஒரு ஸ்பானியத் துறவி கொண்டுவந்தது. ஐரோப்பியர் வர முன்னான தெய்வத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சிலுவைக் குறியை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எனக்கு நிச்சயம் வராத இடத்தில் நான் எழுத்தே போடுவதில்லை.

அச்சும் குறிப்பும்

ஏ3 அளவில் அச்சிட, முதலில் பக்கத்தின் வடிவத்தை ஏ3 ஆக மாற்றிக்கொண்டு, 3508க்கு 4961 பிக்சலில் ஏற்றுமதி செய்யுங்கள், அது அங்குலத்துக்கு 300 புள்ளி. மினுமினுப்பான தாளை வேண்டாம் என்று சொல்லுங்கள், இருட்டுப் பின்னணியில் குழல்விளக்குத்தான் தெரியும். என் முதல் மக்வாயென் அச்சாகி வந்தபோது கடல்கோடே இல்லை, திரையில் வடிவாகத் தெரிந்த ஒரு பிக்சல் கோடு தாளில் கருநீலத்துக்குள் முங்கிவிட்டது. அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த கோடு வேண்டாம், பின்னணி நீலத்தையும் திரையில் இருப்பதைவிட ஒரு படி வெளிறலாக வையுங்கள்.

படத்தின் கீழே மூன்று வரி எழுதுகிறேன், எப்போதும். "பாக்குனாவா. விசாயா மக்களின் வாய்மொழிக் கதை. வட்டங்களும் புள்ளிகளும் என் கற்பனை, பழைய சிலை எதையும் பார்த்து வரைந்ததில்லை." எது அவர்களுடையது, எது என்னுடையது என்று பிரிந்துவிடும், நாளை ஒரு பிள்ளை பாடக்கொப்பியில் இதை ஒட்டினாலும் பிழை போகாது.

பொதுவில் போட முதல் அந்த மக்களில் ஒருவருக்குக் காட்டுங்கள். என் பாக்குனாவாவை அறை அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் அதை இலோயிலோவில் இருக்கிற தன் அம்மாவிடம் காட்டினார். அம்மா விரலை வைத்துப் புள்ளிகளை எண்ணி, ஆறுதானே இருக்கிறது, மற்றது எங்கே என்று கேட்டாராம். 300 பிக்சலில் நான் வைத்த ஏழாவது அவருக்குச் சந்திரனாகவே தெரியவில்லை, பாம்பின் வாய் என்று நினைத்திருக்கிறார். அதை 90க்குக் குறைத்து, மற்ற ஆறுக்கும் கொடுத்த அதே மங்கல் நிறத்தைக் கொடுத்துத் திரும்ப அனுப்பினேன். அடுத்த நாள் ஒரு குரல் பதிவு வந்தது, அம்மா அவர்கள் மொழியில் எண்ணுகிறார், ஏழு வரைக்கும்.